இரண்டு எழுத்தை நம்பலாமா? 1969 கமாரோ இசட்/28இன் எஞ்சினைச் சோதிக்கும் வழி

நம் ஊரில் பழைய கார் வாங்கப் போகிறவருக்கு ஆர்.சி. புத்தகம் பெரிய துணை. எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டும் அதிலேயே இருக்கும். பானெட்டைத் திறந்து, எண் பொறித்த இடத்தில் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் காகிதத்தில் ஏறிவிடும். புத்தகத்தோடு ஒப்பிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறுபதுகளில் ஓடிய அமெரிக்க மசில் கார்களுக்கு, அதாவது பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்களுக்கு, அப்படி ஒரு புத்தகம் இல்லை. அங்கே உரிமைப் பத்திரத்தில் காரின் அடையாள எண் மட்டும்தான் இருக்கிறது. எந்த எஞ்சின் அதில் ஏறியிருந்தது என்பதை அது சொல்வதில்லை. அந்தக் கார்களின் விலையைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் எஞ்சின்தான். ஒரே வண்ணம், ஒரே உடல், ஒரே இருக்கைகள் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று மற்றொன்றைப் போலப் பல மடங்கு விலை போவதற்கு பானெட்டுக்கு அடியில் இருப்பதே காரணம். ஆகவே அரிய எஞ்சின் என்று ஒருவர் சொல்லும்போது அதை எப்படிச் சோதிப்பது என்பது அங்கே தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. கல்வெட்டு படிப்பவர்கள் எழுத்தின் வடிவத்தையும் ஆட்சியாண்டையும் கல்லின் மேற்பரப்பையும் சேர்த்துப் பார்ப்பார்களே, ஏறக்குறைய அதே வேலை. ஒரு காரை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்: 1969ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ இசட்/28.

முதலில் அந்த எஞ்சின் ஏன் அரியது என்று தெரிய வேண்டும். அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் என்ற பந்தயத் தொடர் தொடங்கியது. அதில் எஞ்சினின் கொள்ளளவு 305 கன அங்குலத்தை, அதாவது 5 லிட்டரை, தாண்டக் கூடாது என்பது விதி. செவர்லேயிடம் 283, 327 என்று இரண்டு அளவுகளில் எஞ்சின்கள் இருந்தன. ஒன்று சிறியது, மற்றது விதியைத் தாண்டியது. பொறியாளர்கள் 327இன் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடலை, எடுத்து அதற்குள் பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் தண்டை 283இன் அளவில் பொருத்தினார்கள். சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 3 அங்குலம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 12.57 சதுர அங்குலம், அதை 3ஆல் பெருக்கினால் 37.7, எட்டு சிலிண்டருக்கு 301.6. இதைத்தான் 302 என்கிறார்கள்.

இந்த 302 எஞ்சின் கமாரோ இசட்/28இல் 1967 முதல் 1969 வரை மூன்று மாடல் ஆண்டுகள் மட்டுமே வந்தது. 1967இல் 602 கார்கள், 1968இல் 7,199, 1969இல் 20,302. ரோஜர் பென்ஸ்கேயின் அணிக்காக மார்க் டொனஹ்யூ ஓட்டிய கமாரோ 1968, 1969 இரண்டு ஆண்டுகளிலும் டிரான்ஸ்-ஆம் பட்டத்தை செவர்லேக்கு வாங்கித் தந்தது. நிறுவனம் காகிதத்தில் 290 குதிரைத்திறன் என்று போட்டது. உண்மையில் அதற்கும் மேலே தரக்கூடிய எஞ்சின் அது. தானியங்கி கியர் கிடையாது, ஏசி கிடையாது, நான்கு வேக மேனுவல் கியர் மட்டும்தான். பந்தயத்துக்காகப் பிறந்து தெருவுக்கு வந்த கார். எனக்கு இந்தக் காலத்துக் கார்களில் மிகவும் பிடித்தது இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

1969இல் மொத்தம் 2,43,085 கமாரோக்கள் வெளிவந்தன. ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்றுதான் இசட்/28. மீதிப் பதினொன்றில் எதை வேண்டுமானாலும் வாங்கி, பானெட்டில் இரண்டு பட்டைக் கோடு தீட்டி, பின்னால் ஸ்பாய்லர் மாட்டி, ‘இசட்/28’ என்ற சின்னத்தை ஒட்டிவிட முடியும். எல்லாமே புதிதாகத் தயாரிக்கப்பட்டுக் கடையில் கிடைக்கின்றன. ஆகவே வெளித்தோற்றத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

அடுத்துக் காரின் அடையாள எண். 1968 முதல் இது முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும்படி டேஷ்போர்டின் மேல், ஓட்டுநர் பக்கம் இருக்கிறது. 1969 கமாரோவில் ‘124379என்’ என்று தொடங்கி, பிறகு ஆறு இலக்கங்கள் வரும். முதல் ‘1’ செவர்லே. ‘24’ என்றால் வி-8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட கமாரோ. ‘37’ இரண்டு கதவு, கூரை உள்ள உடல். ‘9’ மாடல் ஆண்டு. ‘என்’ என்பது ஒஹையோ மாநிலத்தின் நார்வுட் தொழிற்சாலை. கலிஃபோர்னியாவின் வான் நைஸில் செய்திருந்தால் அங்கே ‘எல்’ இருக்கும். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தவறும் இடம் இதுதான். இந்த எண் வி-8 என்று மட்டும் சொல்கிறது; எந்த வி-8 என்று சொல்வதில்லை. சாதாரண 307ஆக இருந்தாலும், 302ஆக இருந்தாலும், பெரிய 396ஆக இருந்தாலும் ‘24’தான். கிரைஸ்லர் கார்களில் அப்படி இல்லை. அந்த நிறுவனத்தின் 1971ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது; அந்த வகைக் காரின் அடையாள எண்ணில் ஐந்தாவது இடத்தில் உள்ள ‘ஆர்’ என்ற எழுத்தே அதில் இருப்பது 426 ஹெமி என்ற எஞ்சின் என்று சொல்லிவிடும். எஞ்சின் தொலைந்துபோயிருந்தாலும் கார் ஹெமி காராகப் பிறந்தது உறுதி. செவர்லேயில் அந்த எழுத்து இல்லாததால், எஞ்சினே தன் கதையைத் தானே சொல்ல வேண்டியிருக்கிறது.

அது மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. முதலாவது வார்ப்பு எண். பிளாக்கை இரும்பில் வார்க்கும்போதே புடைப்பாக வருவது. பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் இணையும் விளிம்பின் மேல், ஓட்டுநர் பக்கம் இருக்கும். 1969இன் 302 எஞ்சின் பலவற்றில் 3956618 என்று இருக்கிறது. சிலர் இந்த எண்ணைக் கண்டதும் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் அதே ஆண்டில் அதே வார்ப்பிலிருந்து சாதாரண 350 எஞ்சின்களும் வந்தன. 350க்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம்தான். கிராங்க் மட்டும் வேறு. ஆகவே வார்ப்பு எண் தவறாக இருந்தால் அந்த எஞ்சினை விலக்கலாம். சரியாக இருப்பதை மட்டும் வைத்து அது 302 என்று சொல்ல முடியாது.

இரண்டாவது வார்ப்புத் தேதி. பின்விளிம்பில் எதிர்ப்பக்கம் புடைப்பாக இருக்கும். ஆங்கில அகரவரிசையில் ஜனவரிக்கு ‘ஏ’, பிப்ரவரிக்கு ‘பி’ என்று தொடங்கி டிசம்பருக்கு ‘எல்’ வரை, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். ‘பி 12 9’ என்றால் 1969 பிப்ரவரி 12. கடைசி இலக்கம் ஒன்றே இருப்பதால் ‘9’ 1979ஆகவும் இருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த ஐயத்தை வார்ப்பு எண் தீர்க்கும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் விலையுள்ளது. பிளாக்கின் முன்பக்கம், காருக்குள் அமர்ந்து முன்னால் பார்த்தால் வலப்புறம், சிலிண்டர் ஹெட் முடிகிற இடத்தில் ஒரு சிறிய தட்டையான மேடை நீண்டிருக்கும். இதைப் ‘பேட்’ என்கிறார்கள். ஆல்டர்னேட்டர் அதைச் சற்று மறைத்துக்கொண்டிருக்கும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பூசியிருக்கும். துடைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை: கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானும் மென்மையான துணியும் போதும். ஆழமில்லாத ஐம்பது ஆண்டுப் பொறிப்பை ஒரு நிமிட அவசரத்தில் அழித்துவிட்டால் பிறகு எவராலும் திருப்பித் தர முடியாது.

பேட்டில் ‘வி0226டிஇசட்’ என்பது போல ஒரு வரி இருக்க வேண்டும். ‘வி’ என்பது மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் எஞ்சின் தொழிற்சாலை. 02 மாதம், 26 நாள். எஞ்சின் கோக்கப்பட்ட தேதி. கடைசி இரண்டு எழுத்துகள் அது எந்த எஞ்சின், எந்தக் காருக்கானது என்று சொல்பவை. 1969 இசட்/28இன் 302க்கு உரியவை ‘டி-இசட்’. இந்தக் கார்களைத் தேடுகிறவர்கள் டார்ச் விளக்கோடு குனிவது இந்த இரண்டு எழுத்துக்காகத்தான்.

அதே பேட்டிலோ, சற்றுக் கீழே எண்ணெய் ஃபில்டருக்கு மேலேயோ இன்னொரு பொறிப்பு இருக்க வேண்டும்: ‘19என்’ என்று தொடங்கி ஆறு இலக்கங்கள். செவர்லே, 1969, நார்வுட், பிறகு காரின் வரிசை எண். டேஷ்போர்டில் உள்ள கடைசி ஆறு இலக்கமும் இதுவும் ஒன்றாக இருந்தால் அந்த எஞ்சின் அந்தக் காருக்கென்றே போனது என்று பொருள். ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்று விளம்பரங்களில் பார்க்கிறோமே, அதன் அடிப்படை இதுதான். சிலர் வார்ப்பு எண்ணும் தேதியும் காருக்குப் பொருந்திவந்தாலே அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் அது தவறான பயன்பாடு. காரின் வரிசை எண் எஞ்சினில் இல்லாவிட்டால், ‘காலத்துக்குப் பொருந்தும் எஞ்சின்’ என்று சொல்வதே நேர்மை.

இனித் தேதிகளை வரிசையில் வைக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால், எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு சிறிய தகடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதில் உடல் செய்யப்பட்ட மாதமும் வாரமும் இருக்கும். ‘03ஏ’ என்றால் மார்ச் முதல் வாரம். நாம் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில் பிளாக் பிப்ரவரி 12இல் வார்க்கப்பட்டது, எஞ்சின் பிப்ரவரி 26இல் கோக்கப்பட்டது, கார் மார்ச் தொடக்கத்தில் உருவானது. அழகாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இதே காரில் வார்ப்புத் தேதி ‘டி 4 9’ என்று இருந்தால்? அது ஏப்ரல் 4. கார் மார்ச்சில் வெளியே போய்விட்டது. எஞ்சினின் இரும்போ ஏப்ரலில்தான் உருகியிருக்கிறது. தாய்க்கு முந்திப் பிள்ளை பிறந்த கதை இது. பேட்டில் எத்தனை அழகாக எண்கள் பொறிக்கப்பட்டிருந்தாலும் இங்கே பேச்சை நிறுத்திவிடலாம். பொறிப்பைத் திருத்துகிறவர்கள் வார்ப்புத் தேதியை மறந்துவிடுவது உண்டு; புடைப்பாக வார்த்ததை மாற்றுவது, குழியாக அடித்ததை மாற்றுவதைவிடக் கடினம். அதே நார்வுட் தகட்டில், 1968 டிசம்பர் நடுவிலிருந்து செய்த கார்களுக்கு ‘எக்ஸ்33’ அல்லது ‘எக்ஸ்77’ என்ற குறியும் இருந்தால் அது இசட்/28ஆகவே பிறந்தது என்பதற்கு நல்ல அடையாளம். தகட்டையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால் ரிவெட்டுகளையும் உற்றுப் பாருங்கள்.

இப்போது இந்தக் கலையின் கடினமான பகுதிக்கு வருகிறோம். பேட்டில் உள்ள எண்ணும் எழுத்தும் உண்மையிலேயே 1969இல் அடிக்கப்பட்டவையா?

பஞ்ச் செட்டும் சுத்தியும் இருந்தால் எவரும் எண் அடிக்கலாம். சாதாரண 350 பிளாக்கின் பேட்டைச் சீவி, பழைய எழுத்தை அழித்து, ‘டி-இசட்’ என்றும் விற்க நினைக்கும் காரின் வரிசை எண்ணையும் அடித்துவிடுவதுதான் வழக்கமான மோசடி. இதைப் பிடிக்க எழுத்தைப் பார்க்கும் முன் எழுத்தின் கீழே இருக்கும் உலோகத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் பிளாக்கின் மேற்பரப்பைப் பல பற்கள் கொண்ட நீண்ட வெட்டுக்கருவியால் ஒரே இழுப்பில் சமப்படுத்தினார்கள். சிலிண்டர் ஹெட் அமரும் பரப்பும் பேட்டும் ஒரே இழுப்பில் வெட்டுப்பட்டவை. அதனால் முன்னிருந்து பின்னாக, நூல் பிடித்தது போல மெல்லிய இணைகோடுகள் அதில் தங்கிவிடும். ஒர்க்‌ஷாப்பில் சுழலும் கட்டரால் சீவினால் வில் போல வளைந்த கோடுகள் வரும். அரத்தால் தேய்த்திருந்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் இருக்கும். விளக்கை நேர்மேலே பிடித்தால் எதுவும் தெரியாது. பேட்டுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் கோடுகள் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். புகைப்படம் எடுப்பதும் அப்படித்தான். காகிதம் வைத்துப் பென்சில் தேய்க்கும் நம் ஊர் முறையும் இங்கே நன்றாக உதவும்.

பிறகு எழுத்து. எஞ்சின் குறியை அடித்தது ஃபிளின்ட்டில். எழுத்துகளை ஒரு பிடியில் வரிசையாகக் கோத்து அடித்தார்கள், ஆகவே அந்த வரி பெரும்பாலும் நேராக, ஒரே ஆழத்தில் இருக்கும். காரின் எண்ணை அடித்தது நார்வுட்டில். அந்த ஊரின் தொழிலாளி, வேறொரு கருவியால், வேறொரு நாளில். ஆகவே இரண்டு வரிகளும் எழுத்தின் வடிவத்திலும் அளவிலும் ஆழத்திலும் வேறுபட்டிருப்பதே இயல்பு. இரண்டும் ஒரே கையெழுத்துப் போல ஒற்றுமையாக இருந்தால் அதை நான் அழகு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்; ஒரே மேசையில் ஒரே மாலையில் ஒருவரே அடித்திருக்கிறார் என்ற சந்தேகம்தான் வரும். அக்காலத்து இணைகோடுகளையே போலியாக உருவாக்கும் கைகளும் உண்டு. அதனால் பெரிய தொகை கொடுக்கும் முன், அசல் என்று உறுதியான எஞ்சின்களின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அனுபவசாலி ஒருவரை அழைத்துச் செல்வது அவசியம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் பலருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். பேட் சீவப்பட்டிருப்பதெல்லாம் மோசடி இல்லை. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யும்போது ஹெட் கேஸ்கெட் சரியாக அமர வேண்டும் என்பதற்காக மேற்பரப்பை லேசாகச் சீவுவது சாதாரண வேலை. எழுபதுகளில் இவை வெறும் பழைய கார்கள்; எண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று எந்த மெக்கானிக்கும் நினைக்கவில்லை. எண் இல்லாத வெறும் பேட் நேர்மையான பேட். சீவிய பிறகு புதிதாக எண் முளைத்த பேட்தான் பொய் சொல்வது. பேட்டில் ‘சி-இ’ என்று தொடங்கும் எழுத்துகள் இருந்தால், உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் பழுதாகி நிறுவனமே மாற்றிக் கொடுத்த பிளாக் அது. அந்தக் காரின் முதல் எஞ்சின் போய்விட்டது, ஆனால் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை.

பேட் வாய் திறக்காவிட்டால் எஞ்சினுக்குள் கேட்கலாம். 302இல் பிஸ்டன் ஓடும் தூரம் 3 அங்குலம், 350இல் 3.48 அங்குலம். ஏறக்குறைய அரை அங்குல வித்தியாசம், ஹெட்டைக் கழற்றினால் அளவுகோலுக்கே தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டு அளக்கப் பார்ப்பவர்கள் உண்டு; இந்த எஞ்சினில் அந்தத் துளை சாய்வானது, அளவு ஏமாற்றும். பந்தயங்களில் பரிசோதகர்கள் ஹெட்டைக் கழற்றாமலே, பிளக் துளையில் ஒரு கருவியைப் பொருத்தி, பிஸ்டன் தள்ளும் காற்றை அளந்து கொள்ளளவைக் கண்டுபிடிக்கிறார்கள். இதில் தெரிவது 302ஆ இல்லையா என்பது மட்டும்தான். அந்தக் காரின் 302ஆ என்பது இல்லை. இன்னும் அரிய இன்னொரு கமாரோவுக்கு இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. 1969இல் 69 மட்டுமே செய்யப்பட்ட இசட்-எல்-1 கமாரோவின் 427 எஞ்சின் முழுக்க அலுமினியம். பிளாக்கில் காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அங்கேயே கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் கதை தொடங்குகிறது, ஏனென்றால் அத்தகைய அலுமினிய பிளாக்குகளைப் பிற்காலத்திலும் வாங்க முடிந்தது.

காகிதங்களும் துணை செய்யும். கார் புதிதாக வாங்கியபோது கொடுத்த உத்தரவாதப் புத்தகத்தில் ‘புரொடெக்ட்-ஓ-பிளேட்’ என்ற சிறிய உலோகத் தகடு இருந்தது. காரின் எண்ணும் எஞ்சின் குறியும் அதில் புடைப்பாக இருக்கும். முதல் உரிமையாளர் வீட்டுப் பெட்டியில் அது பத்திரமாக இருந்தால் பெரும் பேறு. அதற்கும் நகல்கள் செய்கிறார்கள் என்பதால் அதைத் தனியாக நம்ப வேண்டாம். ஃபோர்டு கார்களுக்கு 1967 முதலான தயாரிப்புப் பதிவேடுகள் அரிசோனாவில் உள்ள மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸிடமிருந்து அறிக்கையாகக் கிடைக்கின்றன. பான்டியாக்குக்கும் அத்தகைய சேவை இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு அப்படிக் கேட்டு வாங்க வழியில்லாததுதான் இத்தனை குனிந்து பார்ப்பதற்கும் காரணம்.

எல்லாம் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்: தேதிகள் வரிசையில் நிற்கின்றன, இணைகோடுகள் இருக்கின்றன, ‘டி-இசட்’ இருக்கிறது, கடைசி ஆறு இலக்கமும் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறது. இன்னும் ஒரு கேள்வி மிச்சம். எஞ்சின் அந்தத் தகட்டுக்கு உரியது. அந்தத் தகடு அந்த உடலுக்கு உரியதா? துருப்பிடித்து அழிந்த அசல் இசட்/28இன் எஞ்சினையும் அடையாளத் தகட்டையும் எடுத்து, நல்ல நிலையில் உள்ள சாதாரணக் கமாரோவில் பொருத்திவிட்டால் இதுவரை செய்த எல்லாச் சோதனையும் வென்றுவிடும். தகட்டை இப்படி மாற்றுவது அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம். வாங்கியவரிடமிருந்தே கார் பறிபோகக்கூடும். அசல் தகட்டின் ரிவெட்டுகள் பூவிதழ் போன்ற தலை கொண்டவை. அவற்றையும் இன்று வாங்க முடியும் என்பதால், உடலிலேயே குழியாக அடித்த எண்ணைத் தேட வேண்டும். 1968, 1969 கமாரோக்களில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள மூடியின் அடியிலும், எஞ்சின் அறையின் பின்சுவரில் ஹீட்டர் பெட்டி மறைக்கும் இடத்திலும் காரின் எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கிறது. சில போல்ட்டுகளைக் கழற்றினால் பார்த்துவிடலாம். அந்தப் பெட்டியைக் கழற்ற உரிமையாளர் சம்மதிப்பாரா என்பதை விலை பேசும் முன்பே, முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.